பயாஸில் 1.300, சிலிக்கானில் 1.220

"என் சிப் 1.3 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால், "எந்த 1.3?" என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) தட்டிய எண்ணா, சிபியு-இசட் மென்பொருள் காட்டும் எண்ணா, சிப்புக்கு வோல்டேஜ் கொடுக்கும் விஆர்எம் பகுதியின் கன்ட்ரோலர் சொல்லும் எண்ணா? கணினி சும்மா இருக்கும்போதா, எல்லாக் கோர்களும் முழு மூச்சாக ஓடும்போதா? கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் ஒரே ப்ராசஸரை ஒரு மதர்போர்டிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியில் குறை சொல்ல மாட்டார்கள்.

என்னிடம் இருந்தது இன்டெல்லின் ஐ9-9900கே. 2018 இறுதியில் வந்த எட்டுக் கோர் சிப். முதலில் அது நடுத்தர ரக இசட்390 சிப்செட் போர்டு ஒன்றில் இருந்தது. எல்லாக் கோரும் 5 கிகாஹெர்ட்ஸ், பயாஸில் நிலையான 1.300 வோல்ட், லோடு லைன் காலிப்ரேஷன் (சிப் முழு மூச்சாக ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதை மட்டுப்படுத்தும் அமைப்பு, சுருக்கமாக எல்எல்சி) நடுவுக்குச் சற்று மேலே. பல மாதம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அப்புறம் இன்னொரு எம்.2 ஸ்லாட் தேவைப்பட்டதால் அதே சிப்செட்டில் உயர் ரகப் போர்டு ஒன்றுக்கு மாறினேன். கூலர், ரேம், பவர் சப்ளை எதையும் மாற்றவில்லை. பயாஸில் அதே 1.300.

சினிபெஞ்ச் ஆர்20 என்ற வேகச் சோதனை ஓடும்போது பழைய போர்டில் சிபியு-இசட் 1.280 காட்டிக்கொண்டிருந்தது. புதிய போர்டில் 1.213. ஏறக்குறைய 67 மில்லிவோல்ட் வித்தியாசம். 9900கே மாதிரியான சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸில் இது சின்ன விஷயமே இல்லை. நிஜமாகவே அவ்வளவு குறைந்திருந்தால் சோதனை தொடங்கிய சில நொடிகளில் நீலத்திரை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சினிபெஞ்ச் மதிப்பெண் அதேதான். கோர் வெப்பநிலை ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போனது. சுவர் ப்ளக்கில் வைத்திருந்த வாட் மீட்டரும் கிட்டத்தட்ட பழைய எண்ணையே காட்டியது.

வாட் மீட்டரும் வெப்பநிலையும்தான் இங்கே நம்பத்தகுந்த சாட்சிகள். சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அலைவரிசை மாறாமல் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வாட் சுமார் 10 சதவீதம் குறைந்தாக வேண்டும். 180 வாட் அளவில் ஓடும் சிப்பில் அது கண்ணுக்குத் தப்பாது. வாட் குறையவில்லை என்றால் வோல்டேஜும் குறையவில்லை, அளக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள எதிர்த்திசையில் ஒன்று செய்து பார்த்தேன். புதிய போர்டில் லோடின்போது 1.280 தெரியும்வரை பயாஸ் எண்ணை ஏற்றினேன். 1.375 வரை போக வேண்டியிருந்தது. கோர் வெப்பநிலை 82-லிருந்து 93-க்குத் தாவியது, வாட் மீட்டரில் கிட்டத்தட்ட 30 வாட் கூடியது. ஆக, பழைய போர்டின் 1.280 வேறு, புதிய போர்டின் 1.280 வேறு. "போர்டு மாற்றினேன், அதே வோல்டேஜ் வைத்தேன், சிப் சூடாகிறது, இந்தக் கூலர் சரியில்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. விஆர்எம் காயிலிலிருந்து சிப்பின் சிலிக்கான் வரை மின்சாரம் போர்டின் தாமிர அடுக்குகள், சாக்கெட் பின்கள், ப்ராசஸரின் அடித்தட்டு என்று ஒவ்வொன்றாகக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மின்தடை. மில்லி ஓமில் ஒரு பங்குதான், சாதாரணமாக யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் ஓடுவது 145 ஆம்பியர். 0.4 மில்லி ஓம் வழியாக 145 ஆம்பியர் போனால் 58 மில்லிவோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். எங்கே நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுவது அதனால்தான்.

பல போர்டுகளில் சிபியு-இசட் காட்டும் கோர் வோல்டேஜ், சூப்பர் ஐ/ஓ சிப் என்ற சின்னச் சிப்பிலிருந்து வருகிறது. நுவோட்டான் அல்லது ஐடிஇ தயாரிப்பாக இருக்கும். ஃபேன் வேகம், வெப்பநிலை எல்லாம் பார்க்கும் அதே சிப்தான். அது வோல்டேஜை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சாக்கெட்டுக்கு அருகே ஏதோ ஓர் இடத்தில். அங்கிருந்து சிலிக்கான்வரை ஆகும் இழப்பு அதற்குத் தெரியாது. தெளிவும் குறைவு, பல போர்டுகளில் 8 அல்லது 16 மில்லிவோல்ட் படிகளாகத்தான் எண் தாவும். 1.264, 1.280, 1.296 என்று குதித்துக்கொண்டிருந்தால் 16 மில்லிவோல்ட் படி என்று தெரிந்துகொள்ளலாம்.

உயர் ரகப் போர்டுகள் சிலவற்றில் சிலிக்கானிலிருந்தே வெளியே வரும் சென்ஸ் பின் ஜோடியிலிருந்து அளந்து காட்டுகிறார்கள். டை சென்ஸ் என்பார்கள். எனது புதிய போர்டு அந்த வகை. பழைய போர்டிலும் விஆர்எம் கன்ட்ரோலர் அதே சென்ஸ் பின்களைப் பார்த்துத்தான் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறது, நமக்குக் காட்டும் எண்தான் வேறு இடத்து எண். எச்டபிள்யூ-இன்ஃபோ மென்பொருளில் 'விஆர் விஅவுட்' என்ற வரி வந்தால் அது கன்ட்ரோலரிடமே கேட்டு வாங்கிய எண். அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது. என் பழைய போர்டில் அந்த வரியைத் தேடிப் பார்த்தபோது 1.220 இருந்தது. புதிய போர்டின் 1.213-க்கும் இதற்கும் 7 மில்லிவோல்ட்தான் தூரம். கதை அங்கேயே தெளிவாகிவிட்டது.

ஆனாலும் கண்ணால் பார்க்க ஆசை. பழைய போர்டைத் திறந்த மேடையில் வைத்து மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலின் வெளியேறும் பக்கத்துக் காலில் 1.291. போர்டைத் திருப்பி, சாக்கெட்டுக்கு நேர் பின்னால் வரிசையாக இருக்கும் பீங்கான் கெபாசிட்டர்களில் ஒன்றின் இரு முனைகளில் 1.247. அதே நேரம் திரையில் சிபியு-இசட் 1.280, விஆர் விஅவுட் 1.220. ஒரே நொடி, ஒரே லோடு, நான்கு வோல்டேஜ். நான்கில் எதுவும் பொய் இல்லை. கறுப்பு முனையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கேஸின் திருகில் வைத்தால் ஓர் எண், கெபாசிட்டரின் எதிர்முனையில் வைத்தால் இன்னொன்று. கிரவுண்டுத் தளத்திலும் 145 ஆம்பியர் திரும்பி வருகிறதே, அங்கும் இழப்பு உண்டு.

இதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கெபாசிட்டர்கள் எள் அளவு. முனை வழுக்கி இரண்டைத் தொட்டுவிட்டால் போர்டும் சிப்பும் சேர்ந்தே போகலாம். சில உயர் ரகப் போர்டுகளில் இதற்கென்றே அளவீட்டுப் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லாவிட்டால் விஆர் விஅவுட் போதும்.

இனி விட்ரூப். லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்குவது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. இன்டெல் தன் சிப்புகளுக்கு லோடு லைன் என்று ஒரு சரிவை வரையறுக்கிறது. எட்டாம் தலைமுறை ஆறு கோர் சிப்புக்கு 2.1 மில்லி ஓம், ஒன்பதாம் தலைமுறை எட்டு கோருக்கு 1.6, பத்தாம் தலைமுறை பத்து கோருக்கு 1.1. அதாவது 9900கே-யில் 145 ஆம்பியர் ஓடினால், விதிப்படி 232 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். பயாஸில் 1.300 என்றால் சிப்புக்குப் போய்ச் சேர்வது 1.068. அதில் 5 கிகாஹெர்ட்ஸ் நடக்காது. லோடு லைன் காலிப்ரேஷன் என்பது இந்தச் சரிவை மட்டுப்படுத்தும் அமைப்பு.

எந்த அளவுக்கு மட்டுப்படுத்துகிறது என்பதில்தான் போர்டுக்குப் போர்டு வேறுபாடு. பெயரே ஒன்றுபோல் இல்லை. ஆசுஸ் போர்டுகளில் எண் ஏற ஏறச் சரிவு குறையும். எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் நேர்மாறு, 1 என்றால்தான் சரிவு மிகக் குறைவு. கிகாபைட்டில் எண்ணுக்குப் பதில் லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம் என்று சொற்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறைப் போர்டுகளில்கூட ஒரே நிலை ஒரே மில்லி ஓமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், என்னிடம் இருந்த அதே சிப்பை வாங்கி, என் பயாஸ் எண்களை எழுதி வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாளில் போன் வந்தது.

"அண்ணா, நீங்க கொடுத்ததை அப்படியே போட்டேன். 1.3, எல்எல்சி 6. சினிபெஞ்ச் ஸ்டார்ட் பண்ணின உடனே மெஷின் ரீஸ்டார்ட் ஆகுது. 1.35-ம் போட்டுப் பாத்துட்டேன். சிப்பே சரியில்லையோ?"

"சிப்பை விடுப்பா. உன் போர்டுல 6-ங்கறது மேல இருக்கா, கீழ இருக்கா? பக்கத்துல ஒரு கோட்டுப்படம் தெரியுதா பாரு."

தெரிந்தது. அவன் போர்டில் 1 கிட்டத்தட்ட நேர்கோடு, 8 முழுச் சரிவு. அவன் வைத்த 6 இன்டெல் சரிவுக்குப் பக்கத்தில். லோடு விழுந்ததும் 1.350 என்பது 1.15-க்குக் கீழே போயிருக்கும். எல்எல்சியை 3-க்கு மாற்றி, 1.310-லிருந்து தொடங்கச் சொன்னேன். ஓடியது. சிப்பில் ஒரு குறையும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பழைய போர்டில் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குகளோடு பிரைம்95 சோதனையை ஓடவிட்டால் மின்னோட்டம் 190 ஆம்பியர் வரை போனது. அப்போதும் சிபியு-இசட் 1.264-க்கும் 1.280-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது, பார்த்தால் வோல்டேஜ் பாறை மாதிரி நிற்பதாகத்தான் தோன்றும். விஆர் விஅவுட் 1.195. உண்மையில் சிலிக்கானில் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறங்கியிருக்கிறது. மின்னோட்டம் கூடக் கூட, காட்டும் எண்ணில் சேரும் பொய்யும் கூடுகிறது. அதனால் சாக்கெட் அளவீடு உள்ள போர்டு விட்ரூப்பே இல்லாத அற்புதப் போர்டாகத் தெரியும், உண்மையைக் காட்டும் போர்டு மோசமான போர்டாகத் தெரியும். திரையில் தெரியும் விட்ரூப்பை மட்டும் வைத்துப் போர்டுகளுக்குத் தரம் போடும் ஒப்பீடுகளை நான் படிப்பதில்லை.

"சரி, எல்எல்சியை உச்சத்தில் வைத்துவிட்டால் சரிவே இருக்காதே?" என்று கேட்கலாம். இருக்காது. ஆனால் அதில் வேறு வம்பு. 150 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது லோடு சட்டென்று நின்றால், காயிலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் எங்காவது போக வேண்டும். அது கெபாசிட்டர்களில் ஏறி, வோல்டேஜ் கண நேரம் மேலே துள்ளும். சரிவு இருந்தால், கீழே இருந்த வோல்டேஜ் துள்ளி ஐடில் (சிப் சும்மா இருக்கும்போதைய) அளவுக்கு அருகே அடங்கிவிடும். சரிவே இல்லை என்றால் துள்ளல் முழுவதும் நாம் வைத்த எண்ணுக்கு மேலே போகும். அதேபோல் லோடு திடீரென விழும்போது கீழே ஒரு பள்ளம். விஆர்எம் எவ்வளவு வேகமாக ஸ்விட்ச் செய்தாலும், நொடிக்குச் சில லட்சம் தடவைதான். சிப்போ கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பள்ளத்தை விஆர்எம் கவனித்துச் சரிசெய்வதற்குள் அது வந்து போய்விடும். எல்எல்சி எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

மென்பொருளில் இது எதுவும் தெரியாது. எச்டபிள்யூ-இன்ஃபோ சில நொடிகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது, துள்ளல்கள் நடப்பது மைக்ரோ நொடிகளில். மல்டிமீட்டரும் சராசரியைத்தான் சொல்லும். ஆசிலாஸ்கோப் இருந்தால்தான் முழுப் படம். நம்மில் பெரும்பாலோரிடம் அது கிடையாது, ஆனால் சிப் கவிழும் விதத்திலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். சோதனை தொடங்கும் கணத்திலோ முடியும் கணத்திலோ ஒவ்வொரு ரெண்டரிங்கிற்கும் நடுவிலோ கவிழ்ந்தால், பள்ளத்தைச் சந்தேகப்படுவேன். இருபது நிமிடம் நன்றாக ஓடி, வெப்பம் ஏறிய பிறகு கவிழ்ந்தால், லோடு வோல்டேஜ் விளிம்பில் இருக்கிறது அல்லது சூடு அதிகம். கவிழவே இல்லை, ஆனால் விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ என்ற வன்பொருள் பிழைகள் சேர்ந்துகொண்டே போகிறதா? அதையும் நிலையான ஓவர்கிளாக் (இயல்புக்கு மேலான வேகத்தில் ஓட்டுவது) என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் வந்து சேர்ந்த வழக்கம் இதுதான்: எல்எல்சி நடுநிலையில், பயாஸ் எண் சற்றுத் தாராளமாக. ஐடிலில் 1.32 தெரிந்தால் பலர் பதறுவார்கள். ஐடிலில் மின்னோட்டம் சில ஆம்பியர்தான், சூடும் கிடையாது. சிப்பைத் தேய்ப்பது அதிக வோல்டேஜும் அதிக வெப்பமும் அதிக மின்னோட்டமும் ஒன்றாகச் சேரும் நேரம். லோடின்போது சிலிக்கானில் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அதற்காக ஐடிலில் 1.5 வைக்கலாம் என்று அர்த்தமில்லை, அதற்கும் ஒரு அளவு உண்டு.

இதுவரை சொன்னது கையால் நிலையான வோல்டேஜ் வைப்பவர்களுக்கு. ஆட்டோவில் விட்டால் போர்டு வேறுபாடு இன்னும் பெரிது. அதே சிப், எல்லாக் கோரும் 4.7 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் ஆட்டோ. பழைய போர்டில் லோடின்போது சிலிக்கானில் 1.17. உயர் ரகப் போர்டில் 1.27. பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகம், வேகத்தில் ஒரு துளி லாபம் இல்லை. உயர் ரகம் என்றால் சிக்கனமாக ஓட்டும் என்று அர்த்தமில்லை. எந்தச் சிப் வந்து உட்கார்ந்தாலும், மோசமான சிப்பாக இருந்தாலும், கவிழக்கூடாது என்று தயாரிப்பாளர் தாராளமாக ஊற்றிவிடுகிறார்.

அந்த ஊற்றல் நடக்கும் இடம் ஏசி லோடு லைன் என்ற அமைப்பு. ஒவ்வொரு சிப்புக்கும் எந்த அலைவரிசைக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்ற வரைவு தொழிற்சாலையிலேயே பதியப்பட்டிருக்கும். சிப் அதைப் பார்த்து விஆர்எம்மிடம் "இவ்வளவு கொடு" என்று கேட்கும். அந்தக் கோரிக்கைதான் விஐடி. வழியில் சரிவால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு, அதையும் சேர்த்துக் கேட்கும். அந்தக் கணக்குக்கு அது எடுத்துக்கொள்ளும் மில்லி ஓம்தான் ஏசி லோடு லைன், அதைச் சிப்பிடம் சொல்வது பயாஸ். போர்டின் உண்மையான சரிவு 0.6 மில்லி ஓம், ஆனால் பயாஸ் சொல்வது 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள 1 மில்லி ஓமுக்கு 150 ஆம்பியரில் 150 மில்லிவோல்ட் தேவையில்லாமல் மேலே ஏறும். மாறாக, ஏசி லோடு லைனைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்து, எல்எல்சியைச் சரிவாக விட்டால், சிப் பட்டினி கிடக்கும். ஆட்டோ வோல்டேஜில் இரண்டு போர்டுகள் அடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டு எண்களின் பொருத்தம்தான். சில பயாஸ்களில் 1.1 மில்லி ஓம் என்பதை 110 என்று எழுதியிருப்பார்கள், அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே டிசி லோடு லைன் ஒன்று இருக்கும். இது வோல்டேஜை மாற்றாது, சிப் தன் வாட் கணக்கைப் போடப் பயன்படுத்துவது. வோல்டேஜைச் சிப்பே கேட்டு வாங்கும் ஆட்டோ அல்லது அடாப்டிவ் முறையில் லோடின்போது விஐடியும் விஆர் விஅவுட்டும் ஒன்றாக வரும்வரை இதை நகர்த்தினால் பேக்கேஜ் பவர் (சிப்பின் மொத்த வாட்) என்று தெரியும் எண் நம்பும்படியாக ஆகும். அப்படிப் பொருந்திய டிசி லோடு லைன் மதிப்புதான் உங்கள் எல்எல்சி நிலையின் உண்மையான மில்லி ஓமும். தயாரிப்பாளர் சொல்லாத எண்ணை இப்படி வீட்டிலேயே கண்டுபிடித்துக்கொள்ளலாம். எனக்கு இது மிகவும் பிடித்த வித்தை.

வாட் கணக்கு போர்டை நம்பியிருப்பது ஏஎம்டி பக்கமும் உண்டு. ரைசன் சிப்புகளுக்கு எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று விஆர்எம்தான் சொல்ல வேண்டும். சில ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் அதைக் குறைத்துச் சொல்லி, சிப்பைத் தன் வரம்புக்கு மேல் ஓடவிட்டது 2020-இல் பெரிய பேச்சானது. எச்டபிள்யூ-இன்ஃபோவில் 'பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன்' என்ற வரி அப்போதுதான் வந்தது. ஓவர்கிளாக் எதுவும் செய்யாமல், சினிபெஞ்ச் போன்ற முழு லோடில் அது 100 சதவீதத்துக்கு மிகக் கீழே இருந்தால், போர்டு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். ஐடிலில் அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே அதற்கு மதிப்பில்லை.

கோர் வோல்டேஜிலேயே கண் வைத்திருந்தால் தப்பிப்போகும் ஒன்று: ரேம் ப்ரொஃபைல். எக்ஸ்எம்பி என்ற அந்த வேக அமைப்பைப் போட்டதும் மெமரி கன்ட்ரோலருக்கான வோல்டேஜ்களைப் போர்டு தானாக ஏற்றும். 9900கே-யில் அப்படி இரண்டு: விசிசிஐஓ இயல்பாக 0.95, விசிசிஎஸ்ஏ 1.05. என் இரண்டு போர்டுகளில் ஒன்று இவற்றை 1.3 அருகே கொண்டுபோய் வைத்திருந்தது. இரண்டையும் கையால் 1.15-க்குக் கீழே இறக்கினேன், அதே ரேம் அதே வேகத்தில் ஓடுகிறது. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில சாக்கெட்டிலேயே கருகியது நினைவிருக்கலாம். எக்ஸ்போ (ஏஎம்டி பக்கத்து ரேம் ப்ரொஃபைல்) போட்டதும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜைச் சில போர்டுகள் அதிகமாக ஏற்றின. பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்தும்படி பயாஸ்களை மாற்ற வைத்தது.

போர்டு எதுவானாலும் ஒன்றுதான் என்று இருந்த காலமும் உண்டு. 2013-இல் வந்த ஹாஸ்வெல் சிப்புகளில் இன்டெல் வோல்டேஜ் ரெகுலேட்டரைச் சிப்புக்குள்ளேயே வைத்தது. போர்டு 1.8 வோல்ட் அளவில் கொடுத்தால் போதும், கோருக்கு வேண்டியதைச் சிப்பே பிரித்துக்கொள்ளும். 2015-இல் ஸ்கைலேக்கில் ரெகுலேட்டர் மறுபடி போர்டுக்கு வந்தது, தலைவலியும் கூடவே வந்தது. அதனால்தான் ஹாஸ்வெல் கால அனுபவத்தை வைத்துப் பேசுகிறவர்கள் "போர்டில் என்ன இருக்கிறது?" என்பார்கள். அவர்கள் சிப்புக்கு அது பெருமளவு சரி.

சரி, போர்டு மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்வது. பழைய போர்டைக் கழற்றும் முன் ஒரே ஒரு சோதனையைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு சினிபெஞ்ச் பத்து நிமிடச் சுழற்சி. அது ஓடும்போது விஆர் விஅவுட், கோர் வெப்பநிலை, மதிப்பெண், முடிந்தால் சுவரிலுள்ள வாட், இவற்றை எழுதி வையுங்கள். விஆர் விஅவுட் வரி இல்லாத போர்டு என்றால் வாட்டும் வெப்பநிலையும் இரட்டிப்பு முக்கியம். புதிய போர்டில் பயாஸ் எண்ணை மறந்துவிடுங்கள். எல்எல்சி நடுநிலை, முதலில் சிப்பின் இயல்பு வேகம், நிலையான வோல்டேஜ் ஓர் அடக்கமான எண்ணில். அதே சோதனையில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சரிவு தெரிந்துவிட்டால் பழைய லோடு வோல்டேஜுக்கு எந்தப் பயாஸ் எண் வேண்டும் என்று கூட்டல் கழித்தலிலேயே வந்துவிடும். அப்புறம் பெருக்கியை (சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணை) ஏற்றுங்கள். கூலர் மாறியிருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். குளிர்ந்த சிப் கொஞ்சம் குறைந்த வோல்டேஜிலேயே அதே வேகத்தில் நிற்கும், பழைய எண் உங்களுக்கு உச்சவரம்பு மாதிரி.

விஆர்எம் வெப்பநிலையையும் ஒரு கண் பாருங்கள். சிலிக்கானில் வோல்டேஜ் ஒன்றாக இருந்தாலும், சின்ன ஹீட்சிங்க் உள்ள போர்டில் பவர் ஸ்டேஜ்கள் 100 டிகிரியைத் தாண்டிவிட்டால், போர்டு சிப்பின் வேகத்தைச் சட்டென்று கீழே இழுத்துவிடும். மதிப்பெண் பாதிச் சோதனையில் சரிந்தால் வோல்டேஜை ஏற்றாதீர்கள், அங்கே ஃபேன்தான் தேவை.

எல்லாம் முடித்துத் திருப்தியாக உட்கார்ந்த பிறகு பயாஸ் புதுப்பிப்பு வரும். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகள் தேய்ந்துபோன விவகாரத்தில் 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை நிரல்), சிப் கேட்கும் வோல்டேஜை 1.55-க்கு மேல் போகவிடாமல் தடுத்தது. அந்தச் சிப் வைத்திருப்பவர்கள் அதையோ அதற்குப் பின் வந்ததையோ போடாமல் இருக்கக்கூடாது. ஆனால் பயாஸ் மாறும்போது ஏசி லோடு லைன், எல்எல்சியின் ஆட்டோ மதிப்பு, பவர் வரம்பு எல்லாம் சத்தமில்லாமல் மாறியிருக்கலாம். சேமித்து வைத்த பழைய ப்ரொஃபைலை அப்படியே ஏற்றாமல், கையால் ஒவ்வொன்றாகத் தட்டி, அதே சோதனையை ஒருமுறை ஓட்டி, விஆர் விஅவுட் பழைய எண்ணிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கேஸின் மூடியைப் பூட்டுகிறேன்.